போர்டுல இங்கிலீஷ் இருக்கு, விஷயத்தைத்தான் காணோம்: ஜப்பான் பண்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கியோட்டோவுல இருக்கிற பண்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும், டோக்கியோவுல இருக்கிற சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தமிழ்ல எழுதுறேன்னு கோச்சுக்காதீங்க. மெஷின் ட்ரான்ஸ்லேஷன்ல போட்டுப் படிச்சா அரைகுறையா ஏதோ புரியும், உங்க கோயில் வாசல் போர்டைப் படிக்கும்போது எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்ளோதான் புரியுது.

நான் டோக்கியோவுல நிஷிகசாய் பக்கம் குடியிருக்கேன். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு யார் வந்தாலும் கியோட்டோ, நாரா, நிக்கோன்னு கூட்டிட்டுப் போற வேலை என் தலையிலதான் விழும். போர்டு முன்னாடி நின்னு படிச்சிட்டு எல்லாரும் திரும்பி என் மூஞ்சியப் பாப்பாங்க. அந்த கடுப்புலதான் இதை எழுதுறேன்.

ஸ்பெல்லிங் மிஸ்டேக் பத்தி பேச வரல. 2019ல ஒசாகா மெட்ரோ வெப்சைட்ல மெஷின் புண்ணியத்துல சக்காய்சுஜி லைன் 'சக்காய் மஸில் லைன்' ஆயிடுச்சு, ஊரே சிரிச்சுது, உடனே அந்தப் பக்கத்தை எடுத்துட்டாங்க. அந்த மாதிரி தப்பால பெரிய கெடுதல் ஒண்ணும் இல்ல, பாத்தவுடனே தெரிஞ்சிடும், யாராவது போட்டோ எடுத்துப் போடுவாங்க, சரியாயிடும். கிராமர் சுத்தமா இருந்தும் படிச்சு முடிச்சா மண்டையில ஒண்ணுமே நிக்காத போர்டுங்க இருக்கு பாருங்க, அதை யாருமே கம்ப்ளெயின்ட் பண்றதில்ல, அதனால அது பாட்டுக்கு இருபது வருஷம் நிக்குது.

அதுல என்ன எழுதியிருக்கும்? 'கெய்ச்சோ 8ஆம் ஆண்டு கட்டப்பட்டது, இரிமோயா-சுகுரி, ஹொன்கவரா கூரை, அஞ்சு கென் நாலு கென், முக்கியப் பண்பாட்டுச் சொத்து.' அவ்ளோதான். கெய்ச்சோ 8னா 1603, தொகுகவா இயேயாசு ஷோகன், அதாவது நாட்டையே ஆண்ட படைத்தலைவர், ஆன வருஷம். இது உங்க ஊர்ல ஸ்கூல் பசங்களுக்கே தெரியும், மதுரையில இருந்து வந்த எங்க பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? பிரச்சனை இங்கிலீஷ்ல இல்லைங்க, ஜப்பானிய மூலத்துலயே இருக்கு. நிறைய போர்டுல கீழ ஓரமா அந்த ஊர் கல்வி வாரியத்தோட பேரு இருக்கும், உள்ளூர் ஆளுங்களை மனசுல வச்சு எழுதினது, அதை வரிக்கு வரி அப்படியே இங்கிலீஷுக்கு மாத்துனா எவ்ளோ திறமையான ஆளு மாத்துனாலும் இப்படித்தான் வரும்.

கியோட்டோவுல நிஜோ கோட்டையையே எடுத்துக்கோங்க. 1603ல இயேயாசு கட்டினது. 1867ல அதே கோட்டைக்குள்ளதான் கடைசி ஷோகன் யோஷினொபு ஆட்சியை சக்கரவர்த்திகிட்டயே திருப்பிக் குடுக்கறேன்னு அறிவிச்சாரு. இருநூத்தி அறுபது வருஷத்துக்கு மேல நாட்டைக் கையில வச்சிருந்த ஒரு குடும்பம் விட்டுட்டுப் போறேன்னு சொன்ன இடம்! இதை முதல் வரியில சொல்லிட்டு அப்புறம் கூரை, தூண், ஓவியம்னு போங்களேன், யார் வேண்டாங்கறா.

இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லாம இல்ல. கோயில் மராமத்து வேலை பாக்குற கோனிஷி கம்பெனிக்குத் தலைவரா வந்த டேவிட் அட்கின்சன் வருஷக்கணக்கா இதைத்தான் கத்திட்டு இருந்தாரு. சுற்றுலாத் துறையும் 2018ல ஒரு திட்டம் ஆரம்பிச்சீங்க, மொழிபெயர்க்காம, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிற எழுத்தாளர்களை இடத்துக்கே வரவச்சு புதுசா எழுத வைக்கிறது. ரொம்ப நல்ல வேலை, மனசாரச் சொல்றேன், அப்படி எழுதின போர்டு இருக்கிற இடத்துல நான் வாயத் தொறக்கவே தேவைப்படல. ஆனா அதுலயும் எனக்கு ஒரு குறை இருக்கு. இங்கிலீஷ்னா படிக்கிறது அமெரிக்காக்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும் மட்டும்தானா? எங்களுக்கும் அதே போர்டுதான.

கியோட்டோ தோஜி கோயில் பிரசங்க மண்டபத்துல கூகாய்ங்கிற புத்தத் துறவி திட்டம் போட்டு வச்ச 21 சிலை இருக்கு. அதுல யானை மேல உக்காந்திருக்கிற தைஷாகுதென் வேற யாரும் இல்ல, இந்திரன். அந்த யானை ஐராவதம். வாத்து மேல இருக்கிற போன்தென் பிரம்மா, அன்னம்தான் இங்க வாத்து ஆயிடுச்சு. பென்சைதென் சரஸ்வதி, கையில வீணைக்குப் பதிலா பீவாங்கிற ஜப்பானியத் தந்தி வாத்தியம். என்மா எமன். கான்கிதென்னா நம்ம பிள்ளையார், அசகுசாவுல மட்சுச்சியாமா கோயில்ல அவருக்கு முள்ளங்கி படைக்கிறாங்க (கொழுக்கட்டைக்குப் பேர்போன ஆளுக்கு முள்ளங்கி, போகட்டும்). நாராவுல பெரிய புத்தருக்கு 752ல கண் திறந்து வச்சதே இந்தியாவுல இருந்து வந்த போதிசேனர்ங்கிற துறவி. எத்தனை இடத்துல இதெல்லாம் வெறும் ஜப்பானியப் பேரோட, அதிகபட்சம் 'காவல் தெய்வம்'னு ரெண்டு வார்த்தையோட நிக்குது தெரியுமா? பேர் சொல்ல விரும்பாத ஒரு கோயில்ல எங்க அத்தை அப்படி ஒரு சிலையைக் கடந்து போயிட்டாங்க, நான் கூப்பிட்டு அத்தை இது சரஸ்வதின்னு சொன்னப்புறம் திரும்பி வந்து கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பக்கத்துல ஒரே ஒரு வரி சமஸ்கிருதப் பேரு போட்டா போதும்.

அப்புறம் எது பழசு எது புதுசுன்னு தெளிவா சொல்லிடுங்க. ஹிமெஜி கோட்டை 1609ல முடிச்ச அதே மரக்கோட்டை. ஒசாகா கோட்டை கோபுரம் 1931ல கட்டின கான்கிரீட், உள்ள லிஃப்ட் இருக்கு. கியோட்டோவுல தங்கக் கோயில்னு சொல்ற கின்ககுஜி 1950ல எரிஞ்சு 1955ல திரும்பக் கட்டினது. நாராவுல அந்தப் பெரிய புத்தர் இருக்கிற தொதாய்ஜி மண்டபம் 1709ல எழும்பினது, முதல் மண்டபம் இதைவிட அகலம். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எரிஞ்சும் விடாம கட்டினீங்கங்கிறதுதான் எனக்குப் பிடிச்சதே, அதைப் போய் ஓரத்துல பொடி எழுத்துல போடுறீங்க.

ஆனா ஒண்ணு, தொடாதே, செருப்பைக் கழட்டு, போட்டோ எடுக்காதேங்கிற போர்டு மட்டும் எல்லா ஊர்லயும் நாலு மொழியில பளிச்சுன்னு புரியுது. மனசு வச்சா முடியும்னு தெரியுதுல்ல.

காசு இல்லன்னு சொல்லாதீங்க. 2019 ஜனவரியில இருந்து நாட்டை விட்டுக் கிளம்புற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆயிரம் யென் வாங்க ஆரம்பிச்சீங்க, ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் நானும் கட்டுறேன். 2024ல மட்டும் 3 கோடியே 68 லட்சம் பேர் வந்திருக்காங்க. பெரிய கோயிலுங்க பாத்துக்கும், அந்தக் காசு மூணு தெரு தள்ளி இருக்கிற சின்னக் கோயிலுக்குப் போகணும், அங்க பூசாரியும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான் இருப்பாங்க, திட்டத்துக்கு அப்ளிகேஷன் எழுதவே அவங்களுக்கு ஆள் கிடையாது. அந்த ஃபாரத்தை நாலு பக்கத்துக்குக் குறைங்க முதல்ல.

இன்னொண்ணு, புது போர்டு வச்சா பழசைத் தயவுசெஞ்சு எடுத்துடுங்க, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னு ஒண்ணுல ஒரு பேரு இன்னொண்ணுல வேற ஸ்பெல்லிங்னு இருந்தா நாங்க எதை நம்புறது.

இப்படிக்கு,
சம்பளம் இல்லாத கைடு ஒருத்தன், நிஷிகசாய்