அந்த டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

எங்கள் ஊர் வாசகசாலைக் குழுவின் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கூட்டத்தின் மினிட் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் அனுப்பியிருந்தீர்கள். கடைக்கு வரும் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. ஆனால் நானும் இந்த வாசகசாலையின் ஆயுள் சந்தாதாரன். ஏழாவது தீர்மானம் கண்ணில் பட்டுவிட்டது. நன்கொடையாக வந்த படக்கதைப் புத்தகங்கள் மாணவர்களுக்குப் பயன்படாதவை, ஆகவே எடைக்குப் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ‘கிலோ 12 ரூபாய்’ என்று வேறு குறித்திருக்கிறீர்கள்.

இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். “பார்க்கலாம் தம்பி” என்றீர்கள். நம் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று காரைக்குடிக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பெட்டி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மேலத்தெரு ஆச்சி வீட்டில் பங்காளிகள் கூடி இரண்டாம் கட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. திறந்ததும் நாப்தலின் உருண்டை வாசனை. மேல் அடுக்கில் சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவியின் முகம் பாதியை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அதற்குக் கீழே 1984க்குப் பிந்தைய லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும். கோட்டை மாதிரி இருக்கும் கால இயந்திரத்தில் ஏறிப்போகும் இயந்திர மனிதன் சட்டித்தலையன் ஆர்ச்சியைப் பார்த்ததும், நாற்பத்தொன்பது வயதில், கடையை மூடிவிட்டு உட்கார்ந்து படித்தேன். அடியில், சிங்கப்பூரிலிருந்து ஆச்சியின் கொழுந்தனார் மகன் யாருக்கோ வாங்கி அனுப்பிய அமெரிக்கக் காமிக்ஸ் ஒரு கட்டு. நீங்கள் ‘ஆங்கிலக் குப்பை’ என்று சொன்னது இந்தக் கட்டைத்தான்.

மே மாத விடுமுறையில் வாசகசாலை மின்விசிறி ஓடவில்லை. (இன்னும் ஓடவில்லை. அது வேறு தீர்மானம்.) பிள்ளைகள் எட்டுப் பேர் ஆச்சி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்து படித்தார்கள். அந்த வீட்டு ஆத்தங்குடிக் கல் எந்த வெயிலிலும் சில்லென்று இருக்கும். பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு புரட்டினார்கள். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். எனக்குப் புரியாத இடத்தில் அவர்களே படத்தைப் பார்த்துக் கதை கட்டினார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஓடியது.

இரண்டாவது ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எக்ஸ்-மென் என்ற நாயகர் கூட்டத்தின் 141ஆம் இதழை எடுத்துக்கொண்டு வந்தாள். அட்டையில் ஒரு சுவர், சுவரில் சுவரொட்டி, அதில் வரிசையாக நாயகர்களின் முகங்கள்; பிடிபட்டவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்று முகத்துக்கு முகம் குறித்திருக்கும். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பைர்னும் சேர்ந்து 1981 தொடக்கத்தில் இரண்டே இதழ்களில் முடித்த கதை. எதிர்காலத்தில் சென்டினல் என்ற ராட்சத இயந்திரங்கள் நாட்டையே பிடித்துவிட்டன. உயிரோடு மிஞ்சியவர்கள், கேட் என்ற நடுத்தர வயதுப் பெண்ணின் மனத்தை மட்டும் பழைய காலத்துக்கு அனுப்புகிறார்கள். அது போய் இறங்குவது அவளுடைய சொந்த உடம்பில்தான், பதின்மூன்று வயதுக் கிட்டியின் உடம்பில். செனட்டர் ஒருவரின் கொலையைத் தடுத்தால் எல்லாம் மாறும் என்பது கணக்கு.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்: “சார், எதிர்காலம்னு போட்டு 2013ன்னு எழுதியிருக்கு. அது முடிஞ்சு போச்சே. அப்ப நான் பால்வாடி கூடப் போகலை.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பையன், அப்படியானால் 1981இல் இதைப் படித்த பிள்ளை 2013 வந்தபோது என்ன நினைத்திருக்கும் என்று கேட்டான். இன்னொருத்தி, நாம் இப்போது 2060 என்று எழுதினால் அதையும் யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்றாள். அரை மணி நேரம் அது ஓடியது. வாசகசாலையில் வருஷா வருஷம் நாம் நடத்தும் பேச்சுப்போட்டியில் ‘நாளைய இந்தியா’ என்று தலைப்புக் கொடுக்கிறோமே, அதில் இந்தக் கேள்வியில் கால்வாசி கூட நான் கேட்டதில்லை. நடுவர் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான்காவது வாரம்தான் எனக்கே ஆச்சரியம். சூப்பர்பாய், அதாவது சிறுவயது சூப்பர்மேன், கதை ஒன்று, 1960இல் வந்தது. அவன் 1865க்குப் பறந்துபோய் லிங்கன் சுடப்படுவதைத் தடுக்கப் பார்க்கிறான். முடியவில்லை. அவன் கதைகளை வெளியிட்ட டிசி காமிக்ஸில், அந்தக் காலத்தில், நடந்ததை மாற்ற முடியாது என்பதுதான் விதி. எக்ஸ்-மென்னை வெளியிடும் மார்வெல் காமிக்ஸில் வேறு மாதிரி: போய் மாற்றலாம், ஆனால் மாற்றிய இடத்திலிருந்து காலம் தனிக் கிளையாகப் பிரிந்துவிடும், நீ கிளம்பி வந்த உலகம் அப்படியே கெட்டதாகவே கிடக்கும். பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பாகப்பிரிவினை மாதிரி என்றேன். சுவர் எழுப்பிய பிறகு அந்தப் பக்கத்து ஒழுக்கை இந்தப் பக்கத்திலிருந்து அடைக்க முடியாது. சட்டென்று புரிந்துகொண்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா.

சரி, உங்களுக்கு அப்படிப் போக முடிந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த கதை கேட்டு வளர்ந்த ஒரு பையன், “ரங்கூனுக்கு. 1940க்கு. எல்லாத்தையும் வித்துட்டு ஊருக்கு வந்துருங்கன்னு சொல்லுவேன்” என்றான்.

பட்டாலையில், அந்த உயர்ந்த கூடத்தில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆச்சி, தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தோம், கண்ணைத் திறக்காமலே பேசினார்கள்: “சொன்னா மட்டும் கேட்டிருப்பாகளாக்கும். எங்க ஐயா (தாத்தா) இங்கிருந்து காயிதத்து மேல காயிதம் போட்டாக, வந்துருன்னு. இந்த வெள்ளாமை வசூலை முடிச்சுக்கிட்டு வாறேன்னு எங்க அப்பச்சி (அப்பா) பதில் எழுதுனாக. அப்புறம் நடந்துதான் வந்தாக.”

அதற்குப் பிறகு காமிக்ஸை யார் பார்த்தார்கள்? ஆச்சியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பச்சி வீட்டு வாசலில் வந்து நின்றபோது காலில் செருப்பில்லை, ஆச்சிக்கு அடையாளமே தெரியவில்லை, பிச்சைக்காரர் என்று உள்ளே ஓடிவிட்டார்கள். அந்தப் பையன் விடவில்லை. ஏன் முன்னாலேயே வரவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930இல் அங்கே கடன் கொடுத்து வந்த நம் நகரத்தார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். நெல் விலை விழுந்து கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியாமல் போக, 1938க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. வரவேண்டிய பணமெல்லாம் மண்ணாகிக் கிடந்தது. மண்ணைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற முடியாது. 1942இல் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப 1940 பத்தாது சார். 1929க்குப் போகணும்” என்றான்.

பாரம்பரிய விழா என்று வருஷத்துக்கு ஒருமுறை மேடை போட்டு, தேக்கு மரம் பர்மாவிலிருந்து வந்தது, சுவருக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டு மிக்சர் பொட்டலம் வாங்கிப் போகிறார்கள். எந்த வருஷத்துக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தேடின பிள்ளையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு ஒரு சூப்பர்பாய் தேவைப்பட்டது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் ஒருவர், காலப் பயணமெல்லாம் நம் பாகவதத்திலேயே உண்டு, வெளிநாட்டுப் படக்கதை எதற்கு என்று கேட்டாராம். உண்டுதான். ககுத்மி ராஜா தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டு பிரம்மலோகம் போகிறார். பாட்டுக் கச்சேரி முடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் பூமியில் இருபத்தேழு சதுர்யுகம் போய்விடுகிறது. மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கூட இல்லை. அருமையான கதை, பிள்ளைகளிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணை யாருமே ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் அதே எட்டாவது படிக்கும் பெண். நம் கதையில் திரும்பி வர வழியும் இல்லை, ரேவதி வாய் திறப்பதும் இல்லை. அமெரிக்கக் கதையில் அந்தக் கிட்டி பதின்மூன்று வயதில் பேசிக்கொண்டே இருக்கிறாள். இரண்டும் அலமாரியில் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

அந்தக் காமிக்ஸ் கட்டுக்குள்ளேயே பழைய கதைகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கதையைக் குழு அவசியம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அது உங்களைப் பற்றியது. 1964இல் வந்தது. பேட்மேனிடம் ராபின், ஃப்ளாஷிடம் கிட் ஃப்ளாஷ், அக்வாமேனிடம் அக்வாலாட் என்று பெரிய நாயகர்களிடம் எடுபிடியாக இருந்த மூன்று பையன்கள் முதன்முறையாகத் தனியே சேர்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால், மேலாள் இல்லாத நேரத்தில் மூன்று கடைப் பெட்டியடிப் பையன்களும் கூடிக் கடை நடத்திய கதை. அடுத்த வருஷம் இந்தக் கூட்டத்துக்குத்தான் டீன் டைட்டன்ஸ் என்று பெயர் வந்தது.

அவர்கள் எதற்குக் கூடினார்கள்? உலகத்தை அழிக்க வந்த அரக்கனை அடிக்கவா? இல்லை. ஹேட்டன் கார்னர்ஸ் என்ற சின்ன ஊரில் பிள்ளைகள் தங்களுக்குக் கூடிப் பேச ஒரு இடம் கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் காது கொடுக்கவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் மூவரும் வருகிறார்கள். வந்த இடத்தில் வில்லன்: ‘உங்கள் முன்னோர் என் முன்னோரிடம் நிலம் வாங்கியபோது வருஷத்துக்கு ஒரு புறா இறகு தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், இறகு தராவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எனக்கு வேலை செய்ய வேண்டும்’ என்று பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பாட்டன் எழுதிய பத்திரத்துக்குப் பேரன் உழைக்க வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்கச் சிற்றூருக்கு விளையாட்டாக இருக்கலாம். பத்து பங்காளிகள் கையெழுத்துக்காகப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் உள்ள நம் தெருவில் அது விளையாட்டே இல்லை.

இதே சங்கதிதான் பெட்டியில் இல்லாத இன்னொரு கதையிலும். என் மகன் போனில் காட்டினான், 2005இல் வந்த யங் அவெஞ்சர்ஸ். பதினாறு வயதுப் பையன் முன்னால் அவனே பெரியவனாகி வந்து நிற்கிறான்: காலங்களையெல்லாம் வென்று அடக்கும் காங் என்ற கொடுங்கோலனாக. ‘நீ இப்படித்தான் ஆகப் போகிறாய், பெருமைப்படு’ என்கிறான். பையன் மிரண்டு பழைய காலத்துக்கு ஓடிவந்து துணைக்கு வேறு பிள்ளைகளைச் சேர்க்கிறான். எக்ஸ்-மென்னிலும் 2012இல், தொடர் தொடங்கியபோது இருந்த முதல் ஐந்து பிள்ளைகளை இன்றைக்குக் கூட்டிவந்து, வளர்ந்து என்ன ஆனீர்கள் பாருங்கள் என்று காட்டினார்கள், பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. என் மகன் இதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனை சி.ஏ. படிக்கச் சொல்லிக்கொண்டிருப்பது நான்தான். பதில் சொல்லாமல் டோனர் மாற்றப் போய்விட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. 1958இல் தொடங்கிய லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் என்ற தொடர், ஆயிரம் வருஷத்துக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளின் சங்கம். சூப்பர்பாயையே கூப்பிட்டுப் பரீட்சை வைத்துக் கேலி செய்துவிட்டுத்தான் சேர்த்துக்கொள்வார்கள். பிட்ஸ்பர்க்கில் ஜிம் ஷூட்டர் என்ற பையன், குடும்பக் கஷ்டத்தில், பதின்மூன்று வயதில் அந்தச் சங்கத்துக்குத் தானே கதை எழுதிப் படமும் வரைந்து அனுப்பினான். ஆசிரியர் மார்ட் வைசிங்கர் வாங்கிக்கொண்டார். 1966இல் அச்சில் வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. பின்னாளில் மார்வெலுக்கே தலைமை ஆசிரியர் ஆனான். அந்தத் தொடரில் சங்கத் தலைவர் யார் என்று வாசகர்களையே ஓட்டுப் போடச் சொன்னதும் உண்டு. (நம் குழுவுக்குக் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது என்று அதே மினிட் நோட்டில் புரட்டிப் பார்த்தேன். புரட்டியதோடு சரி.)

எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுப் புத்தகங்களில் பாதி வெறும் குத்துச்சண்டை. சில கதைகளில் காலம் முன்னும் பின்னும் போய், எழுதியவருக்கே வழி தெரியவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டிருக்கும் உடுப்பைப் பார்த்து ஆச்சி, “இதுக்கு நெசவு கூலியே கிடையாது” என்றார்கள். அதையும் பிள்ளைகள் பேசட்டுமே.

பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லோரும் எடைக்குப் போட்டதையெல்லாம் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அன்றைக்கு அவரிடம், இது யாருக்குப் பயன்படும் என்று கேட்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. ஏழாவது தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். கிழக்குச் சுவரில் பழைய வருமான வரி கெஜட்டுகள் இருக்கும் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். பிய்ந்ததை என் செலவில் ஒட்டி பைண்டிங் செய்துதருகிறேன். புத்தகத் தேர்வுக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள், ஓட்டுரிமையோடு. மின்விசிறியையும் பாருங்கள்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்குத் தராசோடு வருவதாகப் பேப்பர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். ஆச்சியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடைக்காரன்