வாக்குச்சாவடிக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டி

சேசு மரி சூசை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நிற்கிற இருவரில் ஒருவர் கருக்கலைப்பை உரிமை என்கிறார், இன்னொருவர் ஏழையையும் அகதியையும் பற்றிப் பேசும் பேச்சு காதால் கேட்க முடியவில்லை, கத்தோலிக்கர் யாருக்குத்தான் ஓட்டுப் போடுவது என்று கேட்டிருந்தாய். இன்னாருக்குப் போடு என்று சொல்லமாட்டேன். குருவானவரும் சொல்வது முறையில்லை. குருக்கள் அரசு அதிகாரப் பதவி ஏற்பதைத் திருச்சபைச் சட்டம் 285 விலக்குகிறது, கட்சிகளில் முனைந்து ஈடுபடுவதை 287 தடுக்கிறது. பீடத்திலிருந்து கட்சி பேசினால் மறுகட்சிக்காரன் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவதை நிறுத்திவிடுவான். எப்படி எடைபோடுவது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

விஷயங்கள் இரண்டு வகை. யார் செய்தாலும், என்ன நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும் பாவமாகவே இருப்பவை முதல் வகை. குற்றமற்ற உயிரை வேண்டுமென்றே கொல்வது அதில் தலையாயது. கருக்கலைப்பும் கருணைக்கொலையும் அதற்குள் அடங்கும். முதல் நூற்றாண்டிலிருந்தே திருச்சபை இதைச் சொல்லி வருவதாக, திருச்சபையின் போதனைகளை எண்ணிட்டுத் தொகுத்த மறைக்கல்வி நூலின் 2271-ஆம் எண் கூறுகிறது. இரண்டாம் வகையில் போய்ச் சேர வேண்டிய இடம் கட்டாயம், போகும் வழி விவேகத்துக்கு விடப்பட்டது. உழைப்பவனுக்கு நியாயமான கூலி கிடைத்தே ஆக வேண்டும் என்பதை 13-ஆம் சிங்கராயர் (லியோ) பாப்பரசர் 1891-இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கூலியைச் சட்டம் போட்டு நிர்ணயிப்பதா, சங்கம் பேசிப் பெறுவதா என்பதில் இரண்டு நல்ல கத்தோலிக்கர் வேறுபடலாம். குடியேற்றமும் அப்படித்தான். வசதியுள்ள நாடுகள் தங்களால் முடிந்த அளவு அந்நியனை ஏற்க வேண்டும், அரசு அதற்கு நிபந்தனை விதிக்கலாம், வந்தவனும் அந்த நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும். இந்த மூன்றும் மறைக்கல்வி நூலின் 2241 என்ற ஒரே எண்ணில்தான் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை மறைக்கிறவன் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை.

தப்பு இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. ஒரு கூட்டம் "விவேகத்துக்கு விடப்பட்டது" என்பதை "இஷ்டமிருந்தால் செய்யலாம்" என்று எடுத்துக்கொள்கிறது. கருவிலிருக்கும் பிள்ளைக்காக ஊர்வலம் போய்விட்டுத் தன்னிடம் வேலை செய்பவனின் கூலியைப் பிடித்துவைக்கிறவனுக்கு அதில் ஓர் ஒளிவிடம் கிடைத்துவிடுகிறது. இன்னொரு கூட்டம் இரண்டாம் வகையிலிருந்து பத்து விஷயங்களை அடுக்கி முதல் வகையை அடியில் புதைக்கிறது. எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே எடை கிடையாது. விசுவாசப் போதனைப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராட்சிங்கர், பிற்பாடு 16-ஆம் பெனடிக்ட் ஆனவர், 2004-இல் அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இதை வெளிப்படையாகவே எழுதினார்.

பழைய ஞானோபதேசத்தில் வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்வார்கள்: மனமறிந்து செய்யும் கொலை, சோதோமின் பாவம், ஏழையையும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குவது, கூலிக்காரனின் கூலியைப் பிடிப்பது. புதிய மறைக்கல்வி நூலில் 1867-ஆம் எண்ணில் பார். எகிப்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஓலமும் அந்நியனின் கூக்குரலும் அதில் சேர்த்தே இருக்கின்றன. இந்தப் பட்டியலை முழுதாக ஏற்கும் கட்சி எதுவும் இல்லை. பட்டியலின் எந்த வரியைப் படிக்கும்போது உனக்குச் சங்கடமாக இருக்கிறதோ, அந்த வரியில்தான் உன் கட்சி உன்னைத் திருச்சபையிடமிருந்து பிரித்திருக்கிறது. தன் மனச்சாட்சியைத் தானே ஆராய்வதற்கு நான் அறிந்த ஆன்ம சோதனைகளில் இதைவிட எளியது இல்லை.

பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் (பயஸ்) 1937 மார்ச் மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு சுற்றுமடல்களில் கையெழுத்திட்டார். 14-ஆம் தேதியிட்டது நாத்சிகளுக்கு எதிரானது. வழக்கமான இலத்தீனில் எழுதாமல் ஜெர்மன் மொழியிலேயே எழுதி, குருத்து ஞாயிறன்று ஜெர்மனியின் கோவில்களில் வாசிக்க வைத்தார்கள். 19-ஆம் தேதியிட்டது நாத்திகக் கம்யூனிசத்துக்கு எதிரானது. பாரம்பரியக் கத்தோலிக்கர் என்றால் வலப்பக்கம் சாய்ந்தவர் என்று யாராவது சொன்னால் இந்த ஐந்து நாளைச் சொல். அதே பாப்பரசர்தான் 1925-இல் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தினார். கிறிஸ்து தனி மனிதனின் உள்ளத்துக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கும் சட்டத்துக்கும் அரசர் என்பது அந்தத் திருநாளின் பொருள். எந்தத் தலைவனின் படத்தையும் அந்த இடத்தில் மாட்டக்கூடாது என்பதும் அதில் அடக்கம்.

இனி உன் கேள்வியின் நடு மையத்துக்கு வருகிறேன். பிறர் செய்யும் பாவத்தில் உடந்தையாவது இரண்டு விதம். ஒரு வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே அவருக்கு வாக்களித்தால், அது மனம் ஒத்த உடந்தை. அது எப்போதும் பாவம், அந்த மனநிலையோடு நற்கருணை வாங்கவும் கூடாது. அவருடைய அந்த நிலைப்பாட்டை வெறுத்து, வேறு காரணத்துக்காக வாக்களித்தால், அது செயலளவில் மட்டும் நிற்கும் தூரத்து உடந்தை. அதற்கு ஈடான காரணம் இருந்தால் அது அனுமதிக்கப்படலாம். 2004-ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்வது இவ்வளவுதான். "ஈடான" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதே. கொல்லப்படும் உயிர்கள் ஒரு தட்டில் இருக்கும்போது மறுதட்டில் சாலை வசதியையும் வரிச்சலுகையையும் வைத்து ஈடுகட்ட முடியாது. இரு வேட்பாளருமே உயிர் விஷயத்தில் தவறான பக்கம் நின்றால், யாரால் கேடு குறையும் என்று பார்க்கலாம். கருக்கலைப்புச் சட்டத்தை முழுதாக நீக்க முடியாத நிலையில், தன் முழு எதிர்ப்பை எல்லாரும் அறியச் செய்திருக்கும் மக்கள் பிரதிநிதி ஒருவர், அந்தச் சட்டத்தின் கேட்டைக் குறைக்கும் மசோதாவை ஆதரிக்கலாம் என்று 2-ஆம் ஜான் பால் 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலின் 73-ஆம் எண்ணில் எழுதினார். வாக்காளர் விஷயத்திலும் நல்ல ஒழுக்கவியல் ஆசிரியர்கள் இதே வழியில்தான் யோசிக்கிறார்கள்.

சறுக்குவது எங்கே என்றால், பெரும்பாலானோர் முதலில் ஆளைத் தேர்ந்துவிட்டு ஈடான காரணத்தைப் பிறகு தேடுகிறார்கள். அதனால் நீ இப்படிச் செய். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாள் எடு. இவர் வெல்லும் பதவிக்கு உயிர், குடும்பம், ஏழை ஆகியவை மீது உண்மையில் என்ன அதிகாரம் உண்டு என்று முதலில் எழுது. நகராட்சி உறுப்பினரையும் சட்டம் இயற்றுபவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. அடுத்து அவர் பேசியதை விட்டு, அவர் ஏற்கெனவே எதற்கெல்லாம் வாக்களித்தார், கையெழுத்திட்டார் என்று எழுது. கடைசியில் உன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு வாய்விட்டுச் சொல்வதாக நினைத்துப் படி. நாக்கு தடுக்கினால் காரணம் போதாது. வெறுத்துப்போய் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே, வாக்களிப்பது கடமை என்று மறைக்கல்வி நூலின் 2240-ஆம் எண் சொல்கிறது. யாருக்கும் போடமுடியாது என்ற முடிவுக்கு வருவதானாலும் இந்தத் தாளை எழுதி முடித்தபின் வா.

தேர்தல் காலத்தில் ஆன்மாவுக்கு வரும் பெரிய சேதம் வாக்குச்சாவடியில் நடப்பதில்லை, கைப்பேசியில் நடக்கிறது. இரவு படுக்கையில் ஒரு காணொளி வருகிறது. உனக்குப் பிடிக்காத தலைவர் ஏதோ கேவலமாகச் சொன்னதாக அதன் மேல் எழுதியிருக்கிறது. நீ முழுதாகப் பார்க்கவில்லை, கட்டைவிரல் அதற்குள் அனுப்பிவிட்டது. ஆதாரமில்லாமல் நம்பியது வீண் தீர்ப்பு. உண்மையே ஆனாலும் அவசியமில்லாமல் பிறர் குறையைப் பரப்பினால் புறங்கூறல். பொய்யாக இருந்து பெயர் கெட்டால் அவதூறு. மூன்றும் 2477-ஆம் எண்ணில் தனித்தனியாக இருக்கின்றன. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனைக்கு எதிரான பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்றால் மட்டும் முடிந்துவிடாது, கெடுத்ததைச் சரிசெய்யும் கடமை பாக்கி இருக்கும் என்கிறது 2487. திருடியவன் திருப்பிக் கொடுப்பதுபோலத்தான். ஆகவே எந்தக் குழுவில் அனுப்பினாயோ அதே குழுவில், "நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்" என்று எழுது. உன் பதிவை மட்டும் அழித்துவிட்டால் போதாது, அதற்குள் அது பத்துப் பேரிடம் போயிருக்கும்.

இரவு பத்து நிமிடம் ஆன்ம சோதனை செய். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி ஐந்து படி: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்று காலையிலிருந்து நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது, பாவத்துக்காக மனஸ்தாபப்படுவது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. மூன்றாம் படியிலேயே பத்து நிமிடத்தையும் செலவழித்துச் சோர்ந்து தூங்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் பாதி நேரம் வை. தீர்மானம் ஒன்றே ஒன்றாக, நாளை மாலைக்குள் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

வாக்களிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும், அது திருச்சபைச் சட்டம் 988. கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். "அரசியலில் கோபப்பட்டேன்" என்பது போதாது. "ஒருவரைப் பற்றிப் பொய் என்று தெரிந்தே செய்தி பரப்பினேன், ஏறக்குறைய நான்கு தடவை" என்று சொல். நாட்டு நிலைமையை விவரிக்காதே, வேட்பாளர்களின் பாவத்தைச் சொல்லாதே, உன்னுடையதை மட்டும் சொல். சாமியார் பாவப்பரிகாரமாகக் கொடுக்கும் அபராதத்தைக் கோவிலை விட்டு இறங்குமுன்பே செய்துவிடு, தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

அரசியலுக்காகச் செபிப்பது புது வழக்கம் இல்லை. பாப்பரசரே அரசராக ஆண்ட நாடுகளுக்கு ஆபத்து வந்தபோது 9-ஆம் பத்திநாதர் 1859-இல் அந்த நாடுகளில் பாட்டில்லாத சிறிய பூசைக்குப்பின் செபங்கள் சொல்லச் செய்தார். 1884-இல் 13-ஆம் சிங்கராயர் அதை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரித்தார். மூன்று அருள்நிறை மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம், ஒரு மன்றாட்டு, 1886 முதல் மிக்கேல் சம்மனசை (வானதூதரை) நோக்கிய செபம். 1929-இல் இத்தாலிய அரசோடு அந்தச் சிக்கலைத் தீர்க்கும் உடன்படிக்கை ஆனபின் 11-ஆம் பத்திநாதர் இதை நிறுத்தவில்லை, 1930-இல் துன்புற்ற ரஷ்ய மக்களுக்காகச் சொல்லும்படி மாற்றினார். 1965-இல்தான் இது பூசையிலிருந்து எடுக்கப்பட்டது. தனியாகச் சொல்ல எந்தத் தடையும் இல்லை, நான்கு நிமிடம்கூட ஆகாது. பாப்பரசர் ஆட்சியை இழந்ததைப் பார்த்தவர்கள் இந்தச் செபம் பலிக்கவில்லை என்று எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த மந்திரங்களில் ஆட்சியைக் கேட்கும் வரி இல்லை. பாவிகளின் மனந்திரும்புதலையும் திருச்சபையின் சுதந்திரத்தையும்தான் அவை கேட்கின்றன.

வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதே. ஆண்டு முழுவதும் எல்லா வெள்ளியும் தபசு நாள் என்பது திருச்சபைச் சட்டம் 1250. இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு; விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய ஒருசந்தி, அதாவது ஒரே முழு உணவு, 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும்வரை. அதோடு நீ வெள்ளி மாலை செய்தி பார்ப்பதையும் விட்டுப் பார். இறைச்சியை விடுவதைவிட அது உனக்குக் கஷ்டமாக இருந்தால், உண்மையான ஒறுத்தல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வாய்.

பாப்பரசரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இலத்தீன் பூசையை நேசிப்பதில் தவறில்லை. 2007-இல் 16-ஆம் பெனடிக்ட் அதற்கு அகலமாகத் திறந்த கதவை 2021-இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒடுக்கினார், அது பலருக்கு வலித்தது. வலியைச் சொல்லலாம், ஆயரிடம் மரியாதையாக எழுதலாம். கேலிச் சித்திரம் பரப்புவது பக்தி ஆகாது. விமானத்தில் கொடுத்த பேட்டியை விசுவாசப் பிரகடனமாக எடுப்பதும் தவறு, முறைப்படி தந்த போதனையைச் சொந்தக் கருத்து என்று தள்ளுவதும் தவறு. பிரகடனம் செய்யாத போதனைக்கும் மனமும் அறிவும் பணிய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதை மறைக்கல்வி நூலின் 892-ஆம் எண்ணில் பார்க்கலாம்.

வாக்களிக்கும் நாள் காலையில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல். அதில் நான்காவது பத்து மணிகளை, அதாவது நான்காவது பத்தை, நீ வாக்களிக்காத வேட்பாளருக்காக, அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொடு. அதிகாரத்தில் உள்ளவர்களை மதிக்கும்படி சின்னப்பர் (புனித பவுல்) உரோமையருக்கு எழுதியபோது அரியணையில் இருந்தவன் கொடுங்கோலன் என்று பேர்பெற்ற நீரோ. முடிவு வரும் இரவிலும் அதே பத்தைச் சொல். நானும் அம்மாவும் இரவு எட்டரைக்குத் தொடங்குகிறோம், நீயும் அந்த நேரத்துக்கே மணியைக் கையில் எடு.

உன் அப்பா