நடுச்சாமத்தில் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மாவட்டத்தின் அனர்த்த முன்னெச்சரிக்கைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன சித்திரையில் நடுச்சாமத்தில் அடித்த சுழல்காற்றைப் பற்றிய அறிக்கை உங்கள் மேசையில் இருக்கும். எத்தனை வீட்டுச் சீற் பறந்தது, எத்தனை வாழை முறிந்தது என்ற கணக்கும் அதில் இருக்கும். அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறோம். ஊரில் அந்தக் காற்றைத் தாங்கக்கூடியது பாடசாலை மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் ஒன்றுதான். அன்றிரவு அது பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருப்பவர் இரவில் ஊரில் இல்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: இரவில் நித்திரையில் இருப்பவரை எழுப்பக்கூடிய எச்சரிக்கை தமிழில் ஊருக்குள் ஒலிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் திறப்பும் ஊருக்குள் இருக்க வேண்டும்.

இரவுக் காற்று பகல் காற்றைவிடக் கூடுதலாகக் கொல்லும். அமெரிக்காவில் 1950 முதல் 2005 வரை வந்த டோர்னாடோ என்ற கடும் சுழல்காற்றுகளில் இரவில் வந்தவை நூற்றுக்கு 27 அளவுதான். சாவிலோ நூற்றுக்கு 39 இரவில் நடந்தது. காரணம்: ஆட்கள் நித்திரை, வருவது கண்ணுக்குத் தெரியாது, பலமில்லாத வீடு. எங்கள் காற்று அந்த அளவுக்கு வராது. இடிமுகிலிலிருந்து இறங்கி அடிக்கும் காற்றும் சிலவேளை சிறு சுழலும்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் தகரக் கொட்டிலுக்கும் சீற் வீட்டுக்கும் அந்தச் சில நிமிடமே போதும்.

2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியபோது நாள்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தது. பங்குனி, சித்திரை இடிமழைக் காற்றுக்கு அப்படி இல்லை. அதற்குக் கிடைப்பதெல்லாம் "தற்காலிகமாகப் பலத்த காற்று வீசலாம், அவதானமாக இருங்கள்" என்ற வகையில் தினமும் ஓடும் ஒரு வசனம். நாங்கள் அவதானமாகத்தான் இருக்கிறோம், ஐயா. எந்தப் பக்கம் பார்த்து இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

எஸ்எம்எஸ் அனுப்பினோம் என்பீர்கள். தமிழ் எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறிகளோடு நிறைந்துவிடும். பழைய பொத்தான் போன் பலதில் அது வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் வந்தால் வாசிக்க விடியும்வரை ஆள் தேட வேண்டும். அதனால்தான் குரல் கேட்கிறோம். கோயிலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. அது கரண்டில் ஓடுவது, காற்றுக்கு முதலில் போவதும் கரண்ட்தான். 12 வோல்ற்றில் வேலை செய்யும் 40 வாற்று அம்பிளிபயர் ஒன்று, 45 அம்பியர்-மணி பற்றரி ஒன்று, எதிரெதிர்த் திசை பார்த்த இரண்டு ஹோர்ன் ஒலிபெருக்கி வேண்டும். எதிர்க்காற்றில் குரல் ஏறாது. ஒரு ஹோர்ன் என்றால் ஊரில் பாதிக்குக் கேட்காது. மாதம் ஒருமுறை பகலில் போட்டுப் பார்க்காவிட்டால் தேவையான இரவில் பற்றரி செத்திருக்கும்.

இடிமுகில் கட்டும் நாளில் முதல் அறிவிப்பு இரவு 8 மணிக்குள் வர வேண்டும். அதன்பிறகு காற்று அடித்த ஊர், அது நகரும் பக்கத்து ஊருக்குப் போன் எடுக்க வேண்டும். அதற்கு ஊருக்கு ஒருவர் இரவில் விழித்திருக்க வேண்டும், அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவும் வேண்டும்.

8 மணி என்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் துண்டுப்பிரசுரம் "பாதுகாப்பான கட்டடத்துக்குச் செல்லுங்கள்" என்கிறது. நடுச்சாமத்தில் அந்த றோட்டில் யானை நிற்கும். கட்டில்லாத கிணறும் அறுந்த வயரும் இருட்டில் தெரியாது. ஊன்றுகோலோடு நடப்பவரும் கைக்குழந்தைக்காரியும் அந்த வழியால் எப்படிப் போவது? வயலில் யானைக்குக் காவல் இருப்பவர் பரணில் இருப்பார். அவருக்குப் பிரசுரத்தில் ஒரு வரிகூட இல்லை. நேரத்தோடு சொன்னால் உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரையும் ஏற்றிவிடலாம். காற்றுத் தொடங்கிவிட்டால் வெளியில் இறங்கவே கூடாது என்பதையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சீற் கூரை போட்ட அகன்ற பொதுநோக்கு மண்டபத்துக்கு ஆட்களை அனுப்பவும் வேண்டாம். நடுவில் தாங்கலில்லாத அந்தக் கூரை, சின்ன வீட்டுக் கூரைக்கு முந்தி விழும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதையும் பிரசுரத்தில் சேருங்கள். யன்னல் இல்லாத உள்சுவர் ஓரமாகக் குந்தித் தலையைக் கவிழ்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் இருந்தால் பிள்ளைக்கும் பெரியவருக்கும் போட்டுவிட்டு மேலே மெத்தையையோ தலையணையையோ பிடிக்கலாம். கட்டிலுக்குக் கீழே செருப்பும் ரோச்சும் கிடக்க வேண்டும்; காற்று ஓய்ந்தபின் ஆணியும் உடைந்த சீற்றும் வெறுங்காலைக் கிழிக்கும். காற்று வெளியே போகட்டும் என்று கதவு யன்னலைத் திறந்துவிடுவது பிழை: உள்ளே புகுந்த காற்று கீழிருந்து கூரையைத் தூக்கும். கயிறு போட்டுக் கூரையைப் பிடித்துத் தொங்குவதும் வேண்டாம், கூரை ஆளையும் கொண்டு போகும். சீற்றின் மேல் ஏற்றும் கல், காற்றில் நழுவினால் ஆளின் தலையில்தான் விழும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்றுக்குப் பிறகு நிவாரணமாகச் சீற் தருகிறீர்கள், நன்றி. கொளுக்கி ஆணி தருவதில்லை. தாழ்வார ஓரத்தில் சீற்றின் நெளிவில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் வொஷரோடு கொளுக்கி ஆணி போட்டு, கைமரத்தைச் சுவர் வளையோடு ஜீஐ பட்டியால் (நாகம் பூசிய இரும்புப் பட்டி) பிணைத்தால் அந்தச் சீற் அடுத்த காற்றுக்கும் நிற்கும். இல்லையென்றால் பழைய ஆணி ஓட்டையிலேயே புதுச் சீற்றை அடித்து, அடுத்த வருசம் திரும்பவும் படிவம் நிரப்புவோம். படிவத்துக்கு மட்டும் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணியும் பட்டியும் பிறகு வரட்டும். பங்குனி இடி தொடங்க முன்னம் எழுப்பும் குரலையும் திறப்பையும் தயவுசெய்து ஒழுங்கு பண்ணித் தாருங்கள். திறப்பைப் பொறுப்பெடுக்க ஊரில் நிரந்தரமாக இருக்கும் மூன்று பேரின் பெயரைக் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உங்கள் அனுமதிக் கையொப்பம் மட்டுமே மிச்சம்.

இப்படிக்கு,
வன்னியில் கூரை வேலை செய்வோரும் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும்