'உங்க ஊர்க் குளிருக்கு நல்லாத் தாங்கும்' என்று பச்சோந்தி விற்பவர்களுக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் ஜாக்சன் பச்சோந்தி விற்கும் அண்ணன்மார்களுக்கும் அதை ஆசையாய் வளர்க்கும் தம்பி தங்கைகளுக்கும், ரிங்லெட்டிலிருந்து வணக்கம்.

"ஈப்போ வெயிலுக்குச் செத்துப் போகும், உங்க ஊர்க் குளிருக்கு நல்லாத் தாங்கும்" என்று சொல்லித்தான் விற்கிறீர்கள். அதில் பொய் இல்லை. ஆணுக்கு மூன்று கொம்பு முளைக்கும் இந்தப் பிராணி கென்யா, வட தான்சானியா மலைகளுக்கு உரியது. சுமார் 1,600 மீட்டருக்கு மேல், பகலில் இளவெயிலும் இரவில் குளிரும் மழையும் மூடுபனியுமாக இருக்கும் சரிவுகளில் வாழ்வது. நம் தானா ராத்தா 1,440 மீட்டர். பிரிஞ்சாங் மலை உச்சியோ 2,000 மீட்டரைத் தாண்டும். எனக்குப் பயமே இந்தப் பொருத்தம்தான்.

ஹவாயில் நடந்ததைக் கேளுங்கள். 1972இல் ஒவாஹு தீவில் ஒரு கடைக்காரர் இவற்றை வரவழைத்தார். வந்தவை வாடிப் போயிருந்தன. தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, இரக்கம்தான். அவை வேலி தாண்டிப் பெருகி, இன்று மற்றத் தீவுகளிலும் இருக்கின்றன. வயிற்றைச் சோதித்தபோது உலகில் வேறெங்கும் இல்லாத ஹவாய் நத்தைகள் இருந்தன.

இது முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்றில் எட்டிலிருந்து முப்பது வரை. சினையாக ஒரு பெண் தப்பினால் போதும். பச்சைத் தேயிலைச் செடிக்குள் இருந்தால் கொழுந்து எடுப்பவர் கண்ணில்கூடப் படாது.

நம் காட்டிலேயே நிறம் மாறும் ரோபின்சன் ஓணான் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. பாசி படர்ந்த அந்தக் காட்டில் பூச்சிக்கும் இடத்துக்கும் அதோடு போட்டி போட ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டுமா? (அதைப் பிடித்து விற்கலாமே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

வளர்க்கிறவர்களே, பரீட்சை வந்ததென்றோ புழு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றோ தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்ற இரக்கம் இங்கே உதவாது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் ஒப்படையுங்கள்.

விற்கும் அண்ணன்மார்களே, வாங்குகிறவரிடம் காசை எண்ணி வாங்கும்போதே இதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்று திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்வோம் என்று உங்கள் பேஸ்புக் விளம்பரத்தில் ஒரு வரி சேருங்கள். அதுகூட முடியாதென்றால் இந்த மலைக்கு இதைக் கொண்டுவராதீர்கள்.