ரோர்ச் லைற்றோடு ஓடிவந்த அக்காவுக்கு

நேற்றிரவு எங்கள் பேய்ப் படத்தின் கடைசிக் காட்சியையும் எடுத்து முடித்துவிட்டோம். இடையில் ஏன் நின்றது, யார் யார் கைவிட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த நேரத்தில் போன் எடுத்து விசாரித்தவர்களுக்கே அதைத் திரும்பச் சொல்ல மனமில்லை. நித்திரையும் வரவில்லை. நன்றியையாவது சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய நண்பர்கள், வாடகை வாங்காமல் ஜெனரேட்டர் தந்த மாங்குளத்து அண்ணா, கிளினிக் கார்டு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமா பைக்கற் என்று சின்னச் சின்னப் பிழையெல்லாம் திருத்திய மிட்வைஃப் மிஸ், கமராவுக்குக் குடை பிடித்துத் தாங்கள் நனைந்த பெடியள், சம்பளம் பற்றி வாயே திறக்காத நடிகர்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதினால் விடிந்துவிடும்.

ஆனால் ஒருவரை அப்படிச் சேர்த்துச் சொல்ல முடியாது. ஒட்டுசுட்டான் பக்கம் நாங்கள் படமெடுத்த பழைய வீட்டின் பின்வளவு அக்கா. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிரசவக் காட்சி எடுத்த இரவு அது. எங்கள் படத்தில் வருவது கொத்தி. பிள்ளை பெறுகிற வீட்டைத் தேடி வரும் என்று அம்மம்மாமார் சொல்லிப் பயப்படுத்துவார்களே, அதே கொத்திதான். நாயகி அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று வேலிக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது, ரோர்ச் வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் அக்கா வந்து நின்றார். ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல், மற்றக் கையில் தோய்த்து மடித்த பழஞ்சேலை. ஒழுங்கையில் மகன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான். "ஆம்பிளையள் எல்லாம் வெளிய போங்கோ!" என்றார். இயக்குநர் நானும் பேசாமல் வெளியே போய்விட்டேன்.

வயிற்றில் கட்டியிருந்த தலையணையைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஏசப்போகிறார் என்று நினைத்தோம். அந்த வாரம் ஏச்சு வாங்கிப் பழகியும் இருந்தோம். அவரோ கட்டிலில் இருந்துகொண்டு சிரித்தார். பிறகு நாயகியிடம் சொன்னார்: "பிள்ளை, இப்பிடிக் கத்தினா முக்கிறதுக்கு மூச்சு எங்கால வரும்? 2009 மாசியில மாத்தளன் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் இவனைப் பங்கருக்குள்ளதான் பெத்தனான். ஷெல் சத்தத்தில கத்தி ஆருக்குக் கேக்கப்போகுது? சேலைத் தலைப்பைத்தான் கடிச்சனான்."

"இவன்" மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிவிட்டு எங்கள் லைற்றுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கொண்டுவந்த அந்தச் சேலையின் தலைப்பைத்தான் நாயகி கடித்தாள். கத்தல் இல்லை. ஒரே டேக். சவுண்ட் பார்த்த தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வளவுக்குள் நடக்கத் தொடங்கினான். பேயை எப்படிக் காட்டுவது என்று மாதக்கணக்காக மண்டையை உடைத்த எனக்கு, அந்த இடத்தில் பேயே தேவைப்படவில்லை. கொத்தியை அங்கிருந்து தூக்கிவிட்டேன். கொத்தியாக நடித்தவர் இன்னும் கோபமாக இருக்கிறார். சரி, அவருக்கும் நன்றி.

அன்று பின்னேரம்தான் படத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். ஆரோ ஒரு பெண் கத்துகிறாள் என்று கேட்டதும், ஆர் எவர் என்று பாராமல் சேலையும் சுடுதண்ணியுமாக ஓடிவருகிற ஆளைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. பயப்படுத்தத்தான் இந்தப் படம் எடுக்கத் தொடங்கினேன். இப்போது எனக்கே அதில் பிடித்த இடம், ஒரு தாய் சத்தமில்லாமல் பல்லைக் கடிக்கிற இடம்.

கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் பிறகு. முதல் காட்சி அந்த ஊரில்தான், திரை கட்டி, பாய் விரித்து, காசு வாங்காமல். இது சத்தியம். அக்கா இப்போதே வீடு வீடாகச் சொல்லத் தொடங்கிவிட்டாராம், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று.