கயலுக்கு, சைக்காலஜி சேருவதற்கு முன்

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி உன் மெசேஜைப் பார்த்தேன். "அத்தை, பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிக்கப் போறேன், அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்." கண்டிப்பாகப் பேசுகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். போனில் என்றால் பாதியிலேயே "தெரியும் அத்தை" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்த மாதம் அப்ளிகேஷனோடு நிற்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று நீ சம்மதித்ததால் பொதுவிலேயே போடுகிறேன்.

கிளாஸில் எல்லாரும் கஷ்டத்தை உன்னிடம் வந்துதான் சொல்கிறார்கள், சொன்னால் அவர்களுக்கு மனசு லேசாகிறது, அதனால் இந்தப் படிப்பு உனக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தாய். நல்ல குணம் அது, விட்டுவிடாதே. ஆனால் காலேஜில் அந்தக் குணத்துக்கு வேலை வர ரொம்ப நாளாகும். முதலில் வருவது மூளை, நரம்பு மண்டலம், புலனறிவு, நினைவாற்றல், அப்புறம் புள்ளியியல். இந்தத் துறையே 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் இருந்து வளர்ந்தது, அதனால் பிராக்டிகலும் ரெக்கார்டு நோட்டும் உண்டு.

எனக்கு இந்தப் படிப்பு என்னவென்று புரிந்ததே ஒரு பிராக்டிகலில்தான். காலேஜில் இரண்டாம் வருஷம். கண்ணாடி பார்த்து நட்சத்திரம் வரைகிற சோதனை. கை தெரியாதபடி ஒரு மறைப்பு இருக்கும், எதிரில் கண்ணாடி, அதில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். சப்ஜெக்டாக, அதாவது சோதனையைச் செய்து காட்டுகிறவராக, வெளியாள் ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார்கள், நான் உன் பாட்டியைக் கூட்டிப் போனேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், பென்சில் பிடித்தே எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். முதல் தடவை முனை திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் மாட்டிக்கொண்டு, "ஏய், கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குதுடி" என்றார். ஏழெட்டு தடவைக்கு அப்புறம் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதுவரை தொடாத இடது கையில் கொடுத்தேன், வலது கை முதலில் எடுத்த நேரத்தைவிடச் சீக்கிரம் முடித்தார். ஒரு கை பழகியது இன்னொரு கைக்கும் போகிறது என்று புத்தகத்தில் படித்திருந்தும், பாட்டிக்கு வராது என்றுதான் நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன்.

ரெக்கார்டில் "சப்ஜெக்ட் பதற்றமாக இருந்தார்" என்று எழுதினேன். மேடம் அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, "எதைப் பார்த்துச் சொல்றே? கை நடுங்குச்சா, வேர்த்துச்சா? பார்த்ததை எழுது" என்றார். யோசித்துப் பார்த்தேன். பாட்டி சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பதற்றம் எனக்குத்தான்.

கயல், போன வாரம் உன் தோழியைப் பற்றிச் சொல்லும்போது "அவளுக்கு டிப்ரஷன், அவ பாய்ஃபிரண்ட் ஒரு நார்சிஸ்ட்" என்று இரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் பேர் வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எத்தனை நாளாக இப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டபோது உன்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதுதான் இந்த மூன்று வருஷமும். புள்ளியியலும் அதற்குத்தான், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். பேர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டது. ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலுமே முதலில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவு வந்திருந்தது, திரும்பச் செய்ததில் 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதையே இப்படிச் சோதித்துப் பார்க்கிற துறை என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம்.

வேலை விஷயம். இந்த டிகிரியை மட்டும் வைத்து 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். இத்தனை காலம் அதற்கான வழி, முதுகலைக்கு அப்புறம் நோயாளிகளோடு உட்கார்ந்து கற்கிற இரண்டு வருஷ எம்.ஃபில். இப்போது அந்த ஏற்பாடு மாறிக்கொண்டிருக்கிறது, எந்தப் பேரில் வந்தாலும் ஆறேழு வருஷத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள். மருந்து எழுத வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படிக்க வேண்டும், அது வேறு பாதை. தபாலில் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, 2025 ஜூலை சேர்க்கையில் இருந்து சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. எச்.ஆர்., ஆசிரியர் வேலை என்று மனசு போனால் வேறு டிகிரியோடு இதைத் துணைப்பாடமாக எடுத்தாலும் போதும்.

அண்ணன் ஏன் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும். இன்னமும் ஒருத்தரைக் கேலி பண்ண 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னால் போதும் என்கிற ஊர் இது. நான் பத்தாவது படிக்கும்போது, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்று நடத்திய கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அந்தப் பேப்பரை எங்கள் வீட்டில் மடித்து மறைத்து வைத்தார்கள், நான் எடுத்துப் படித்தேன். அப்போது முடிவு செய்ததுதான் இந்தப் படிப்பு. அதைத்தான் அண்ணனிடமும் சொல்லப் போகிறேன், அவருக்கும் அந்த நாள் நினைவிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பாட்டி போட்ட நட்சத்திரத் தாள்கள் ரெக்கார்டு நோட்டிலேயே ஒட்டியிருக்கின்றன, அந்தச் சிவப்பு மையும் அப்படியே இருக்கிறது. கண்ணாடியும் மறைப்புக்கு ஒரு அட்டையும் எடுத்து வைக்கிறேன். இந்தத் தடவை உங்கப்பாவை வரைய வைப்போம், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுது.

அன்புடன்
அத்தை