எந்த நாட்டுச் சேவை என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இணையச் சேவைகளுக்கு மாற்றான ஐரோப்பியச் சேவைகளைத் தொகுத்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பட்டியல் தமிழில் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நிறுவனம் எந்த நாட்டுடையது என்ற ஒன்றையே கட்டுரை அளவுகோலாக வைத்திருக்கிறது. அது போதாது.

நாடு முக்கியம்தான். அமெரிக்கா 2018-இல் கொண்டுவந்த கிளவுட் சட்டப்படி, தரவைச் சேமித்துவைக்கும் கணினி (சர்வர்) ஐரோப்பாவிலேயே இருந்தாலும், நடத்துவது அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டு அதிகாரிகள் சட்டப்படியான உத்தரவோடு தரவைக் கேட்டு வாங்க முடியும். பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு அப்படிப் போகவே போகாது என்று உறுதி தர முடியுமா என்று 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணைக் குழு கேட்டபோது, முடியாது என்றே மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்டப் பிரிவு இயக்குநர் பதில் சொன்னார்.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. இந்தியாவின் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், அந்த நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகுதான் சேவை திரும்பியது. இங்கே தடை போட்டது ஐரோப்பா. ஆகவே அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்கு மாறினாலே பாதுகாப்பு என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. நாளைக்கே வெளியேற நேர்ந்தால் என்னுடையதை எல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியுமா? முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

இந்தக் கேள்வி மிகவும் உறைப்பது மின்னஞ்சலில். வங்கி முதல் எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்பது அந்த ஒரு முகவரி வழியாகத்தான். முகவரி @gmail.com போல ஒரு நிறுவனத்தின் பெயரில் முடியும்வரை, அது எந்த நாட்டு நிறுவனமானாலும் நாம் வாடகைக்குத்தான் இருக்கிறோம். சொந்தமாக ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பதிந்துகொண்டால், சேவையை மாற்றும்போது டிஎன்எஸ் என்னும் இணையப் பெயர் ஏட்டில், அஞ்சல் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும். முகவரி அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டொமைனைப் புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் அதை வாங்கிவிடலாம், பிறகு நமக்கு வரும் கடிதங்கள் அவருக்குப் போகும்.

உங்கள் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் மின்னஞ்சல் சேவைகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு பாருங்கள். பெர்லினின் போஸ்டியோவுக்கு மாதம் ஒரு யூரோதான், எந்த மின்னஞ்சல் செயலியிலும் அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் வசதியும் உண்டு; ஆனால் சொந்த டொமைனை அதில் இணைக்க முடியாது. மெயில்பாக்ஸ்.ஆர்க் சேவையில் இரண்டும் முடியும். ஹனோவரின் டூட்டாவில் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி அஞ்சலைப் பூட்டுவது) உறுதியானது, ஆனால் ஐமேப் கிடையாது. அவர்களுடைய செயலியில்தான் படிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் புரோட்டானை தண்டர்பேர்ட் போன்ற வேறு மின்னஞ்சல் செயலியில் திறக்க 'பிரிட்ஜ்' என்ற தனி மென்பொருள் வேண்டும், அதுவும் கட்டணத் திட்டத்தில் மட்டுமே. மறையாக்கம் பெரிதா, எளிதாக வெளியேறுவது பெரிதா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், செய்தியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் முதலாவது, மற்றவர்களுக்கு இரண்டாவது.

தேடுபொறிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஈகோசியா, குவாண்ட் போன்ற ஐரோப்பியத் தேடுபொறிகள் பிடிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். வரைபடத் திட்டமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஒரு வரைபடச் செயலி போனாலும் இன்னொன்று இருக்கும். அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸும் அப்படியே: அதன் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தரம், அதனால் வேறு மென்பொருளிலும் திறக்கலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்ற 2024-இல் முடிவெடுத்தது. அரட்டைச் செயலிதான் கடினம். சுவிட்சர்லாந்தின் அரட்டைச் செயலியான த்ரீமா நன்றாகவே இருக்கிறது, ஆனால் உறவும் நட்பும் வராத இடத்தில் நாம் மட்டும் போய் என்ன பேசுவது?

அடுத்த முறை இத்தகைய பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு மின்னஞ்சல் சேவைக்கும் எதிரே மூன்று விவரங்களையும் சேர்த்துப் போடுங்கள்: ஐமேப் உண்டா, சொந்த டொமைனை இணைக்கலாமா, கட்டணம் நின்றால் பழைய அஞ்சல்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள். மூன்றாவது விவரம் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தில் இருக்காது; விதிமுறைகளுக்குள் புகுந்துதான் தேட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்